தடித்த முனை முன்பக்கம்

ஜூன் 4

அண்ணிக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதுவீர்கள் என்று உங்கள் தம்பி சொல்வார். அதனால் கேட்கவில்லை.

உங்கள் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்ட இந்த இரண்டு வருடத்தில் நான் உங்களுக்குத் தனியாக எழுதும் முதல் கடிதம் இதுதான். அவர் எழுதும்போது அடியில் இரண்டு வரி சேர்ப்பேனே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. இங்கே மலை மறைப்பதால் போனும் எடுப்பதில்லை. வாரம் ஒரு முறை வரும் சிமெண்ட் லாரியில் தபால் போகிறது, அது ஒரு வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைத் தூக்கிவிட்டோம்.

போன மழையில் ஆற்றுக் கல் அடிவயிற்றில் இடித்து இரண்டு முறை ஆயில் சட்டி ஓட்டையானது. அணைக்கட்டு வேலைக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் வண்டியை உயர்த்திவிட்டார்கள். எங்கள் ஜீப் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு போனது. நான்தான் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். முகாமில் ஒரு வெல்டர் இருக்கிறார், அவர் செய்து கொடுத்தார். நான்கு பக்கமும் புது ஸ்பிரிங் பட்டை, முன்பக்கத்தில் பட்டையைத் தொங்கவிடும் ஷேக்கிளும் நீளமானதாக. நான்கு விரல் உயரம் ஏறியது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஓட்டினால் அழகில்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டியரிங் இரண்டு பக்கமும் உதற ஆரம்பிக்கிறது. வண்டியையே நிறுத்தினால்தான் உதறல் நிற்கிறது. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. மேடு ஏறி இறங்கும்போது அடியில் டக்கென்று ஒரு சத்தம்.

"அக்காவுக்கு எழுதிக் கேளுங்களேன்" என்று நானே சொன்னேன். "எழுதினா முதல் வரியே 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு வரும். வண்டின்னா ஆடத்தான் செய்யும், விடு" என்றார்.

விட முடியாது. ஜூலைக் கடைசியில் அணைக்கட்டுப் பொறியாளர் ஒப்பந்த வண்டிகளை எல்லாம் தானே ஓட்டிப் பார்ப்பார். தேறினால் இன்னும் இரண்டு வருட வேலை. தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கட்டினால் எங்கே வந்து இறங்குவோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது அதனால்தான்.

என்ன பார்க்க வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஜூன் 12

தம்பி மனைவிக்கு,

நான் அப்போதே சொன்னேன் என்று எழுத மாட்டேன். அப்போது என்னை யாரும் கேட்கவில்லை.

முதல் வேலை பிரேக் குழாய். மற்றதெல்லாம் அப்புறம். வண்டி உயர்ந்தால் ஆக்சில் கீழே தொங்கும். ஆக்சிலோடு போகிற ரப்பர்க் குழாய் பழைய நீளம்தான். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அது வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றால் ஒரு நாள் அறுந்துவிடும். பிறகு பிரேக்கும் இல்லை, ஆளும் இல்லை. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார். பார்த்துவிட்டு மீதியைப் படி.

பார்த்தாயா? சரி.

டக் சத்தம், ஷாக் அப்சார்பர். அதுவும் பழைய நீளம். நீட்ட இடம் இல்லாமல் முட்டுகிறது. நீளமானது போட வேண்டும்.

சாய்வு. இதை உன் வெல்டரிடம் கேள்: பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டை எப்போது இறுக்கினான்? வண்டி ஜாக்கியில் தொங்கும்போதா, தரையில் நின்ற பிறகா? தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் தொங்குகிற நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டியை இறக்கினால் முறுக்கிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் தளர்த்து, சக்கரத்தைத் தரையில் வை, வண்டியை நாலு தடவை அமுக்கி ஆட்டு, பிறகு இறுக்கு.

உதறல். "உதறுகிறது" என்று எழுதினால் நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்வது? எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா பிடிக்காதபோதா, சாமான் ஏற்றினால் கூடுகிறதா குறைகிறதா? டயரில் காற்று எவ்வளவு? ஜுரம் என்று சொன்னால் மட்டும் மருந்து எழுதிக் கொடுக்க முடியாது.

இன்னொன்று. அந்த வண்டியை நானும் தம்பியும் பழைய இரும்புக் கடையிலிருந்து எலும்பு எலும்பாகப் பொறுக்கிக்கொண்டு வந்து கட்டினோம். சேஸிஸ் ஒரு வண்டியுடையது, முன் ஆக்சில் வேறு வண்டியுடையது. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டதும் நான்தான், ஸ்பேனர் பிடிக்கக் கொடுத்ததும் நான்தான். அது நான்கு விரல் உயர்ந்த செய்தி ஒரு வெல்டருக்கு எனக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. எரியவில்லை என்று எழுதினால் பொய்.

ஒப்பந்தம் போனால் உலகம் ஒன்றும் முடிந்துவிடாது. இங்கே என் பட்டறையில் அவனுடைய வேலை மேடை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இருக்கேன்.
அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

பிரேக் குழாய் நீங்கள் எழுதியபடியேதான் இருந்தது. விரலால் தட்டினால் ஓசை வரும் அளவுக்கு விறைப்பு. லாரி டிரைவரிடம் சொல்லி நீளக் குழாய் வரவழைத்து மாற்றிவிட்டோம். இதற்கு உங்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும், சொல்லிவிட்டேன்.

வெல்டரைக் கேட்டேன். "எல்லாரும் தொங்கவிட்டுத்தாம்மா இறுக்குவாங்க, கைக்கு வசதி" என்றார். உங்கள் தம்பி சாமான் கணக்குப் பார்க்கப் போயிருந்தபோது நானே வண்டிக்கு அடியில் போனேன். பன்னிரண்டு போல்ட். ஒன்று மட்டும் அசையவே இல்லை, குழாயைச் செருகி மிதித்துத்தான் தளர்த்தினேன். தரையில் நிறுத்தி, ஆட்டி, இறுக்கினேன். இடது முன்பக்கம் ஒரு விரற்கடை ஏறியது. சாய்வு போயிற்று. ஷாக் நீளமானது வரச் சொல்லியிருக்கிறது.

உதறல் போகவில்லை. இப்போது முறையாக எழுதுகிறேன். முப்பத்தைந்தைத் தாண்டினால்தான் வருகிறது. பிரேக் பிடித்தால் கூடுவதில்லை. பின்னால் பாரம் ஏற்றினால் கூடுகிறது. டயரில் காற்றைக் குறைத்தால் கொஞ்சம் தணிகிறது. திருப்பம் முடிந்து கையை விட்டால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை. முன்பு வரும்.

வேலை முடித்து எழுந்தபோது முழங்கையெல்லாம் கிரீஸ். அவர் வந்து வண்டியைப் பார்த்தார், சுற்றி வந்தார், தட்டிக்கொடுத்தார், என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க அக்கா இருந்தா இதை மோந்து பாத்தே சொல்லியிருப்பா." நான் கிரீஸோடு நிற்கிறேன், அண்ணி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

தினமும் இதே கதைதான். ஆணி அடித்தால் "அக்கா ரெண்டே அடியில அடிப்பா". கணக்குப் போட்டால் "அக்காவுக்கு விரல் கூட வேண்டாம்". உங்கள் பட்டறையில் அவருடைய மேடை காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருகிறார், இன்னொன்றில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் எங்கே உட்காருவது?

இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிடுகிறேன்.


ஜூன் 29

தம்பி மனைவிக்கு,

பாரம் பின்னால் ஏறினால் கூடுகிறது, காற்றைக் குறைத்தால் தணிகிறது, ஸ்டியரிங் தானாகத் திரும்புவதில்லை. இதையெல்லாம் யார் கவனித்தது? தம்பி கவனித்திருக்க மாட்டான். அவனுக்கு வண்டி ஓடினால் போதும்.

நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தாய். கேள். மாதம் ஒரு முறை அவன் எனக்கு நாலு வரி எழுதுவான். அதில் மூன்று வரி நீ. "அவ இருக்கிறதால ஒரு பொருளைத் தேட வேண்டியதில்லை." "அவ சொன்னா முகாமே கேக்குது." இருபது வருடம் அவனுக்கு எல்லாப் பொருளையும் தேடிக் கொடுத்தவள் நான். உட்கார்ந்து படித்துவிட்டு அந்தக் காகிதத்தில் கை துடைத்தேன். ஆக, என் வீட்டு நாற்காலியிலும் இடம் இல்லை, அம்மணி. நீதான் உட்கார்ந்திருக்கிறாய்.

வேலைக்கு வருவோம். ஸ்டியரிங் கம்பிகளின் முனையில் இருக்கும் பந்து மூட்டுகளைப் பார். ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி, நீ மூட்டின் மேல் கையை வை. கையில் தட்டினால் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங் பெட்டியைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகளையும் பார். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டு, பேரிங் லூஸா என்று தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி. தூக்கும்போது கழற்றியதெல்லாம் திரும்பப் போனதா? எல்லாமே?

இருக்கேன்.
அண்ணி


ஜூலை 6

அண்ணிக்கு,

பந்து மூட்டு ஒன்று தேய்ந்திருந்தது, மாற்றினேன். பெட்டி போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன. பேரிங்கில் ஆட்டம் இல்லை. நீள ஷாக் வந்து பூட்டியாயிற்று, டக் சத்தம் இல்லை.

கழற்றியதெல்லாம் திரும்பப் போட்டாயிற்று.

உதறல் அப்படியேதான் இருக்கிறது. பொறியாளர் வர மூன்று வாரம்தான் பாக்கி. பக்கத்து வண்டிக்காரர்கள் இப்போதே எங்கள் தடத்தைப் பங்கு போட்டுப் பேசுகிறார்கள்.

கை துடைத்த காகிதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்படி அவர் என்னைப் பற்றி எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்கு மட்டும் வாய் வருகிறது. இதிலும் உங்களுக்குத்தான் லாபம்.


ஜூலை 12

தம்பி மனைவிக்கு,

எல்லாம் திரும்பப் போட்டிருந்தால் அந்த வண்டி உதறக் கூடாது. உதறுகிறது. நீயே யோசி.

முப்பதுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று அவனிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, கேட்க மாட்டான். நீ சொன்னதாகச் சொல்.

அண்ணி


ஜூலை 17

அண்ணிக்கு,

நேற்று பாலத்துக்கு முன்னால் இறக்கத்தில் வண்டி உதறியது. முப்பது கூட இல்லை. அவர் பக்கத்தில் நான் இருந்தேன். ஸ்டியரிங் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழன்றது, அதன் குறுக்குக் கம்பி அடித்து அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாலத்தின் ஓரக் கல்லில் முன் சக்கரம் முட்டி நின்றோம். கல் இருந்தது, நாங்கள் இருக்கிறோம். கீழே எட்டிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை.

இப்போது கேளுங்கள். திரும்பப் போடாத பொருள் ஒன்று உண்டு. ஒன்று இல்லை, ஒரு ஜோடி. முன் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் நீங்கள் வைத்த இரும்பு ஆப்பு. வெல்டர் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதைத் திருப்பிப் போடணுமாம்மா?" என்று கேட்டார். அதில் மூன்று புள்ளி குத்தியிருந்தது. அது உங்கள் அடையாளம் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை அவர் அடியில் படுத்து அந்தப் புள்ளிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "இது அக்கா கை" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். என் கையை ஒரு நாள் அப்படித் தடவியிருப்பாரா? "வேண்டாம், புதுப் பட்டைக்கு அது எதுக்கு" என்றேன். மறுநாள் ஆற்றைக் கடக்கும்போது என் பக்கத்து ஜன்னல் வழியாக இரண்டையும் தண்ணீரில் போட்டேன். அவர் கல் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன். இனி என் முறை. உங்களுக்கு இது தெரியும்! "எல்லாமே?" என்று ஒரு வார்த்தையைத் தனியாக எழுதிக் கேட்டவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த ஆப்பு எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் நான் மழுப்பியிருக்க முடியுமா? வேண்டுமென்றே கேட்கவில்லை. வண்டி தேறக் கூடாது, அவர் திரும்பி வந்து உங்கள் காலி மேடையில் நிற்க வேண்டும். அதற்காகப் பந்து மூட்டு, பேரிங் என்று என்னை வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டீர்கள். பாலத்தில் கல் இல்லாமல் இருந்திருந்தால் யார் மேடையில் வந்து நிற்பது, அண்ணி?

பதில் எழுதினால் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் போகட்டும்.


ஜூலை 20

பெண்ணே,

உன் கடிதம் வந்தபோது கையில் அரம் இருந்தது. நின்றபடியே படித்தேன்.

தெரியும். உன் முதல் கடிதத்தில் எல்லாம் இருந்தது, ஆப்பு மட்டும் இல்லை. அப்போது சந்தேகம்தான். ஸ்டியரிங் தானாகத் திரும்புவதில்லை என்று எழுதினாயே, அப்போது நிச்சயம். அதன் பிறகும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. நான் நான்கு நாள் அரத்தால் தேய்த்துச் செய்த பொருளை என்ன செய்தாய் என்று உன் வாயால் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள், எத்தனை நாள் மறைப்பாள் பார்க்கலாம் என்று வீம்பு. தம்பி வந்துவிடுவான் என்ற ஆசையும் இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுத எனக்கு வராது. ஆனால் வண்டி தோற்கட்டும் என்று நினைத்தேனே தவிர அவனுக்கு ஒன்று ஆகட்டும் என்று நினைக்கவில்லை. பிரேக் குழாயை முதல் வரியில் எழுதியவள் நான். அதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீ ஆற்றில் போட்டாய், நான் வாயில் போட்டு மூடிக்கொண்டேன். இருவருக்கும் நடுவில் அவன் போய்ப் பாலத்தில் நின்றிருக்கிறான். இதை நாம் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். பாதி பாதி.

இப்போது வேலை. ஒரு சைக்கிளின் முன்பக்கத்தைப் பார். சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நேர் செங்குத்தாக இல்லை, மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போகிறது. ஜீப்புக்கும் அதே கதைதான். நம் முன் ஆக்சில் வேறு வண்டியுடையது, அதற்கு இயல்பாகவே சாய்வு போதாது, அதனால் ஆப்பு. ஆப்பும் போய், முன்பக்கத்து ஷேக்கிளும் நீளமாகி, பட்டையின் மூக்கு கீழே இறங்கி, இப்போது சாய்வே இல்லாமல் சக்கரம் மொட்டையாக நிற்கிறது. திருப்பம் முடிந்து ஸ்டியரிங் தானாக நேருக்கு வராததும் இதனால்தான்.

லாரி டிரைவரிடம் சாக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஜோடி ஆப்பு, ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. பட்டைகளைக் கோக்கும் நடு போல்ட்டும் நீளமாக வைத்திருக்கிறேன். முதலில் தடித்த ஜோடி. கவனம், தடித்த முனை முன்பக்கம். நம் வண்டியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, அதனால் முன்பக்கம். உன் வெல்டர் "எங்க ஊர் வண்டிக்குப் பின்பக்கம்தான்" என்பான். அவன் பேச்சைக் கேட்காதே. பட்டை மேலே இருக்கும் வண்டிக்குத்தான் அது. மாற்றிப் போட்டால் இருப்பதும் கெட்டுவிடும்.

போட்ட பிறகு ஒரு நட்டை நூலில் கட்டிச் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிடு. சக்கரம் திரும்புகிற முளை மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். கீழ் முளைக்கு நேராக நூலைப் பிடித்தால் மேல் முளை ஒரு விரல் அகலம் பின்னால் இருக்க வேண்டும். அதிகம் என்றால் மெல்லிய ஜோடிக்கு மாற்று. ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரு நாள் ஓடியதும் திரும்ப இறுக்கு.

நீதான் போட வேண்டும். அவனைத் தொட விடாதே, கை வீங்கியதற்காகச் சொல்லவில்லை. அவன் இறுக்கினால் எப்போதும் ஒரு பக்கம் தளர்ந்தே இருக்கும்.

இந்த ஆப்பில் புள்ளி குத்தவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 1

அண்ணிக்கு,

தேறிவிட்டது.

நானேதான் போட்டேன். புள்ளி இல்லாவிட்டாலும் ஆப்பைப் பார்த்ததும் உங்கள் கை என்று அவர் கண்டுகொண்டார், எப்படி வந்தது என்று கேட்டதற்கு அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவர் கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். வெல்டரும் வந்தார், "எங்க பக்கத்து வண்டிக்குப் பின்பக்கம்தான்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தடித்த ஜோடியில் ஒரு விரலுக்கு மேல் ஒரு நூல் அதிகம் இருந்தது, மெல்லியதில் அரை விரல்தான் வந்தது. அதனால் தடித்ததையே வைத்தேன்.

பொறியாளர் முழுப் பாரத்தோடு பாலம் வரை ஓட்டினார். இறக்கத்தில் வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். வண்டி நேராகப் போனது. பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். இறங்கி, "யார் வேலை?" என்று கேட்டார். உங்கள் தம்பி முந்திக்கொண்டு, "எங்க அக்கா கை சார்" என்றார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. "ஆப்பு உங்க அக்கா கை. பூட்டினது என் கை" என்றேன், எல்லோர் முன்னாலும். பிறகு ஆற்றில் போட்டதையும் நாம் எழுதிக்கொண்டதையும் அவரிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொல்லப் பாத்திருக்கீங்க" என்றார்.

இரண்டு வருடம் கையெழுத்தாகிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. காலி மேடை கண் முன்னால் நிற்கிறது. பொறாமை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், அது சௌக்கியமாக இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பு அவர் உங்களைப் புகழ்வதால் எரிந்தேன். இப்போது அந்த ஆப்பைப் பார்த்து எரிகிறேன். கண்ணுக்குத் தெரியாத சாய்வை அரத்தால் எப்படி இவ்வளவு சரியாகக் கொண்டுவர முடிகிறது? எனக்கு அது வர வேண்டும்.

ஒரு சந்தேகம். நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்து ஓட்டினால் முன் அடியில் ஒரு முனகல் கேட்கிறது. இரண்டு சக்கரத்துக்கு மாற்றினால் இல்லை. படுத்துப் பார்த்தேன். ஆப்பு வைத்ததில் ஆக்சில் பின்னால் சாய்ந்தது அல்லவா, அதனால் முன் ஷாஃப்ட் வந்து சேருகிற மூக்கு கீழே குனிந்துவிட்டது போல இருக்கிறது. ஷாஃப்ட்டின் மூட்டு அதிகமாக மடங்குகிறது. சக்கரத்தைச் சரி செய்யப் போய் ஷாஃப்ட்டைக் கெடுத்துவிட்டோமா? நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம்.


ஆகஸ்ட் 9

பெண்ணே,

இரண்டு வருடம் என்ற வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அழுதேனா என்று கேட்காதே.

மறுநாள் மீதியைப் படித்தேன். முனகலைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் ஐந்தாறு தடவை படித்தேன். தப்பில்லை. அதுதான். சாய்வைக் கூட்டினால் மூக்கு குனியும். என்னிடம் வருகிற மெக்கானிக்குகள் முனகல் என்றால் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸை மாற்றுவார்கள், பேரிங்கை மாற்றுவார்கள், தலையைச் சொறிவார்கள். இந்தக் காரணத்தைத் தானாகப் போய்ப் பிடித்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கே என் முதல் வண்டியில் இது புரிய ஒரு வருடம் ஆனது. நீ படுத்துப் பார்த்து எழுதிவிட்டாய். இப்போதும் வயிறு எரிகிறது, ஆனால் இது வேறு எரிச்சல், கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது.

இதற்கு ஆப்பு போதாது. ஆக்சிலின் இரண்டு முனைகளையும் வெட்டி, மூக்கை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முனைகளை மட்டும் பின்னால் திருப்பி, திரும்ப வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் ஆக்சில் குப்பைக்குத்தான். இதைக் கடிதத்தில் சொல்லித் தர முடியாது. உன் வெல்டரிடம் கொடுத்தால் நான் உன்னோடு பேச மாட்டேன்.

மழைக்குப் பாதையை மூடினால் இரண்டு மாதம் உங்களுக்கு வேலை இல்லை. மூடுவதற்குள் முன் ஆக்சிலைக் கழற்றி சிமெண்ட் லாரியில் ஏற்று. கூட நீயும் ஏறு. வெட்டுவது நான், அளப்பது நீ. அரம் பிடிக்கவும் கற்றுத் தருகிறேன். அந்த மேடை உனக்கு உயரம் சரியாக இருக்குமா என்று தெரியவில்லை, உன் இடுப்பு உயரத்தை அளந்து எழுது. கால் வெட்ட வேண்டும் என்றால் வெட்டி வைக்கிறேன்.

இருக்கேன். சீக்கிரம் வா.
அண்ணி


ஆகஸ்ட் 16

அண்ணிக்கு,

இடுப்பு உயரம் மூன்று அடி இரண்டு அங்குலம். மேடையின் காலை வெட்டிவிடுங்கள்.

ஆக்சிலைக் கழற்றிவிட்டேன். அடுத்த வார லாரியில் அதுவும் நானும் வருகிறோம். வண்டியை நான்கு கட்டைகள் மேல் நிறுத்தியிருக்கிறது. பக்கத்தில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைக் காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். கொடுத்தேன். முழுக்கப் படித்தார். "எனக்கு இத்தனை வருஷத்துல நாலு வரிக்கு மேல எழுதினதில்லையே!" என்றார். திரும்ப முதலிலிருந்து படித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், உறையைக் கூட உதறிப் பார்த்தார்.

"என்னத்தைத் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"நான் வர்றேனான்னு ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே" என்றார்.